டோக்கன் கை மாறிவிட்டது, சொந்தக்காரர் யார்? பிளாக்செயினில் உரிமை வழக்கைத் தீர்க்கும் ஏற்பாடு – விவாதம்

#1 · தொடரி

வணக்கம் நண்பர்களே. பொருள் ஒன்றுக்கு டோக்கன் ஒன்று என்ற கணக்கில் இஆர்சி-721 வகை (ஒவ்வொரு டோக்கனுக்கும் தனி எண் உள்ள என்எஃப்டி) ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல், ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கிடங்கில் ஓர் ஓவியமோ பழைய கேமராவோ இருக்கும். அதற்கான டோக்கன் யார் வாலட்டில் (டோக்கன் வைக்கும் மின்-பையில்) இருக்கிறதோ அவர் வந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். மற்ற பகுதிகள் சரியாகப் போகின்றன. டோக்கன் திருடுபோனால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

பிளாக்செயினுக்குத் தெரிந்தது வாலட்டின் எந்த ரகசியச் சாவி கையெழுத்திட்டது என்பது மட்டும்தான். சாவியை வைத்திருந்தவர் சொந்தக்காரரா, அதைக் களவாடியவரா, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவரா என்று அதற்குத் தெரியாது. போலித் தளத்தில் ஓர் 'அனுமதி' பொத்தானை அழுத்திவிட்டால் போதும். அதன் பிறகு டோக்கனை அள்ளிக்கொண்டு போகும் பரிவர்த்தனை முழுக்கச் செல்லுபடியானது. பதிவேட்டில் பெயர் மாறிவிடும். உரிமை மாறியதா என்பது வேறு கேள்வி. அதை யார், எப்போது, எதை வைத்துத் தீர்ப்பது?

2022-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கைலி வாங், சின்சென் வாங், டேன் போனே மூவரும் திருப்பி எடுக்கக்கூடிய டோக்கன்களுக்காக இஆர்சி-20ஆர், இஆர்சி-721ஆர் என்று ஒரு முன்மொழிவு வெளியிட்டார்கள். டோக்கன் கை மாறிய பிறகு சில நாட்கள் 'ஆட்சேபக் காலம்'. அதற்குள் இழந்தவர் மனு போட வேண்டும். நடுவர் குழு முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டோக்கனை முடக்கும். அப்புறம் இரு தரப்பும் ஆதாரம் காட்டலாம். கடைசியில் திருப்பிக் கொடு அல்லது முடக்கத்தை நீக்கு என்று தீர்ப்பு. ஆட்சேபக் காலம் முடிந்துவிட்டால் யாராலும் தொட முடியாது.

எனக்கு இதன் எலும்புக்கூடு பிடித்திருக்கிறது. ஆனால் நிறுத்தி வைப்பது, தீர்ப்பது, மாற்றிக் கொடுப்பது என்ற மூன்று வேலைகளும் ஒரே குழுவிடம் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். நிறுத்துவது உடனே நடக்க வேண்டும், சில நாட்களில் தானாகவே காலாவதியாக வேண்டும். தீர்ப்பு நிதானமாக வரலாம். தீர்ப்பை நிறைவேற்றுவது அதைவிடத் தாமதமாக, எல்லோருக்கும் தெரியும்படி நடக்க வேண்டும். இந்த விதிகள் டோக்கன் பிறக்கும்போதே கான்ட்ராக்ட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திருட்டு நடந்த பிறகு கூடிப் பேசி உருவாக்கும் விதி எதுவும் எனக்குச் சம்மதமில்லை.

இதில் எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

#2 · முழுநோடு

ஓட்டை அடிப்படையிலேயே இருக்கிறது தொடரி. திருப்ப முடியாது என்ற உறுதிக்காகத்தான் இந்தத் தொழில்நுட்பமே. திருப்பும் அதிகாரம் யாரிடம் இருந்தாலும் திருடனின் பார்வை அவர்மேல் போகும். திருடன் போகாத இடத்துக்கு ஏதோ ஓர் அரசாங்கம் போகும்.

ஜூன் 17, 2016 நினைவிருக்கிறதா? ஈத்தீரியம் சங்கிலியில் இயங்கிய கூட்டு முதலீட்டு நிதியான தி டாவோவில் இருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (ஈத்தீரியத்தின் நாணயம்) வெளியே போனது. கான்ட்ராக்ட்டில் எழுதியிருந்ததைத்தான் அந்த ஆள் பயன்படுத்தினார். அதற்காக ஜூலை 20 அன்று 19,20,000-ஆவது பிளாக்கில் முழுச் சங்கிலியையும் பிரித்தார்கள். ஒரு வழக்கைத் தீர்க்கப் போய் இரண்டு சங்கிலிகள் ஆனதுதான் மிச்சம். திருப்ப மறுத்தவர்களின் சங்கிலியான ஈத்தீரியம் கிளாசிக் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கிலியில் அந்தப் பணம் எடுத்தவருக்குத்தான் சொந்தம், இந்தச் சங்கிலியில் போட்டவர்களுக்குச் சொந்தம். இதுவா தீர்வு?

இன்னொன்றும் சொல்கிறேன். 2022-இல் ஜூனோ சங்கிலியில் ஏர்டிராப்பை (இலவசமாகப் பகிர்ந்த டோக்கன்களை) முறைகேடாக அள்ளிவிட்டார் என்று சொல்லி ஒருவரின் டோக்கன்களைப் பறிமுதல் செய்ய வாக்கெடுப்பு நடத்தினார்கள். தீர்மானம் நிறைவேறியது. சமூகத்தின் பெயரில் இருக்கும் முகவரிக்குப் போக வேண்டிய டோக்கன்கள். ஆனால் கோடு (நிரல்) எழுதியவர் முகவரிக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த ஒரு ஹேஷை (பரிவர்த்தனையின் அடையாள எழுத்துக்கோவையை) நகலெடுத்து ஒட்டிவிட்டார். பரிவர்த்தனைகளை உறுதிசெய்து சங்கிலியை இயக்கும் வேலிடேட்டர்களில் ஒருவர்கூடச் சரிபார்க்கவில்லை. சுமார் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் யாரிடமும் சாவி இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பறித்த கைக்கு வைக்கவும் தெரியவில்லை.

#3 · வக்கீல்_தஞ்சை

முழுநோடு சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சங்கிலியில் வழக்குத் தீர்க்கும் ஏற்பாடு இல்லையென்றால் வழக்கே இருக்காது என்று நினைக்க வேண்டாம். வழக்கு வேறு வாசலில் போய் நிற்கும், அவ்வளவுதான்.

2019-இல் லண்டனில், கணினிகளை முடக்கியவர்களுக்கு மீட்புத்தொகையாகக் கட்டிய 109.25 பிட்காயினைத் தேடி ஒரு காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றம் போனது. பிட்காயின் சொத்துதான் என்று சொல்லி, பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனம்) இருந்த 96 காயின்களுக்குத் தடையாணை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் கிரிப்டோபியா வழக்கு: திவாலான எக்ஸ்சேஞ்சில் இருந்த காயின்கள் வாடிக்கையாளர்களுக்காக அறக்கட்டளை போல வைத்திருந்தவை, கடன்காரர்களுக்குப் போகாது என்று தீர்ப்பு.

நம் சென்னை உயர் நீதிமன்றமும் பேசிவிட்டது. ஜூலை 2024-இல் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் களவு போனது. போனவை ஈத்தீரியம் சார்ந்த டோக்கன்கள். ஆனால் எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லோரும் பகிர வேண்டும் என்றார்கள். அக்டோபர் 2025-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது நாணயமும் அல்ல, தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல, ஆனாலும் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக் கூடியது என்று சொல்லி அந்த வாடிக்கையாளருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார்.

சொத்து என்று ஆன பிறகு களவு, நம்பிக்கை மோசடி, வாரிசுரிமை, ஜப்தி எல்லாம் கூடவே வரும். கேள்வி ஒன்றுதான். நீதிபதியின் ஆணையை யாரிடம் கொடுப்பது? எக்ஸ்சேஞ்ச் இருந்தால் அதனிடம் கொடுக்கலாம். வெறும் வாலட்டில் இருந்தால் ஆணை காகிதத்தோடு நிற்கும். தொடரி செய்ய நினைப்பது அந்த இடைவெளிக்கான வேலை. அதனால் எனக்கு இதில் அக்கறை உண்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பத்திரப் பதிவில் இதே சிக்கலை நாம் பார்த்துவிட்டோம். போலிப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குக் கொடுத்து 2022-இல் தமிழ்நாடு பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவைச் சேர்த்தது. பாதிக்கப்பட்ட பல பேருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 2024-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. உரிமை யாருக்கு என்று விசாரித்து முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை, பதிவேட்டை வைத்திருப்பவரின் வேலை அல்ல. மூன்று வேலைக்கும் மூன்று கை என்ற தொடரியின் யோசனை எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

#4 · இளவேனில்

ஒரு சந்தேகம். டாலர் மதிப்போடு இணைந்த யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி டோக்கன்கள் இரண்டிலும் ஏற்கெனவே முடக்கும் வசதி இருக்கிறதே? அதையே எல்லா டோக்கனுக்கும் வைத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு நடுவர், ஆட்சேபக் காலம் எல்லாம்?

#5 · சிராங்கூன்

இருக்கிறது இளவேனில். வெளியிடும் நிறுவனம் ஒரு முகவரியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தால் அங்கிருந்து டோக்கன் நகராது. 2021 ஆகஸ்டில் சங்கிலிகளை இணைக்கும் பாலி நெட்வொர்க்கில் 60 கோடி டாலருக்கு மேல் களவு போனபோது யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் சுமார் 3.3 கோடி டாலரை உடனே நிறுத்தியது. பயன் இருந்தது. ஆனால் அங்கே நிறுத்துபவரும் தீர்ப்பவரும் மாற்றிக் கொடுப்பவரும் ஒரே நிறுவனம். மேல்முறையீடு செய்ய ஒரு மேசை கிடையாது. டாலரைக் கையில் வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். தொடரியின் டோக்கனுக்கு அப்படி ஒரு முதலாளி வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

நான் சிங்கப்பூரில் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். 2023-இல் இங்கே வந்த, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான பைபிட்டின் வழக்குத் தீர்ப்பை இந்த இழைக்குக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். பைபிட்டின் ஊழியர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி கிரிப்டோவில் போகும். யாருக்கு எந்த முகவரி, எவ்வளவு என்பது ஓர் எக்ஸெல் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் சில முகவரிகளைத் தன் வசமுள்ளவையாக மாற்றிவிட்டார். 42 லட்சம் யூஎஸ்டிடிக்கு மேல் போனது. நீதிபதி ஃபிலிப் ஜெயரத்னம், அந்த டோக்கன்கள் சொத்துதான், ஊழியர் அவற்றை நிறுவனத்துக்காகவே வைத்திருப்பதாகக் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

இந்த வழக்கில் சங்கிலியில் ஒரு தவறும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாவி திருடுபோகவில்லை, கோடில் பிழை இல்லை. நிறுவனமே தன் கையால் கையெழுத்திட்டு அனுப்பியது. களவு நடந்தது எக்ஸெல் கோப்பில். பெயர் தெரியாத நடுவர்கள் சங்கிலியை மட்டும் பார்த்தால் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சாட்சியைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்ய அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

#6 · கயல்_தணிக்கை

நான் கான்ட்ராக்ட் தணிக்கை செய்கிறவள். சட்டத்தை வக்கீல் சார் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

தொடரி அண்ணா, என்எஃப்டியோடு நிற்பது என்றால் உங்கள் ஏற்பாடு நடக்கும். சாதாரண நாணய வகை டோக்கனுக்கு இதை நீட்ட வேண்டாம். காரணம் இதுதான்:

இரவு 2 மணிக்கு உங்கள் டோக்கன் எண் 417 போகிறது. திருடன் அதை அடுத்த நிமிடம் இன்னொரு வாலட்டுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஒரு சந்தையில் விற்பனைக்கு என்று தள்ளுகிறான். நீங்கள் காலையில் எழுந்து முடக்க மனு போடுகிறீர்கள். மனு மெம்பூலில் (காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் பொது வரிசையில்) தெரிந்த உடனே திருடன் அதிக கேஸ் கட்டணம் (பரிவர்த்தனைக் கட்டணம்) கட்டி உங்களை முந்தி மறுபடியும் நகர்த்துவான். நகர்த்தட்டும், கவலையில்லை. முடக்கம் முகவரியின் மேல் விழவில்லை, 417 என்ற எண்ணின் மேல் விழுகிறது. அது எந்த வாலட்டில் இருந்தாலும் அங்கேயே நிற்கும். கடந்த சில நாட்களில் யார் யார் கையில் இருந்தது என்ற வரிசையை மட்டும் கான்ட்ராக்ட் நினைவில் வைத்தால் போதும்.

நாணய வகையில் எண் கிடையாது. திருடன் 1,000 டோக்கனை நூறு வாலட்டில் பிரித்து, பாதியை யூனிஸ்வாப் குளத்தில் (பலர் டோக்கன்களைச் சேர்த்து வைத்திருக்கும் மாற்றுச் சந்தையில்) போட்டு வேறு டோக்கனாக எடுத்துவிடுவான். இப்போது எதை முடக்குவீர்கள்? குளத்தையா? அதில் ஆயிரம் பேர் பணம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு முன்மொழிவில் டோக்கன் கிளைகளாகப் பிரிந்து போன பாதையைப் பின்தொடர்ந்து பங்கு போட்டு முடக்க ஒரு வழிமுறை உண்டு. படிக்க அழகாக இருக்கும். ஆனால் கிளைகள் பெருகப் பெருக கேஸ் செலவு கூடும், மனு போடுவதற்குள் முந்தி ஓடுவதும் இங்கே திருடனுக்கு உண்மையிலேயே பலன் தரும்.

அடுத்தது பொய் மனு. விற்ற பிறகு விலை ஏறிவிட்டால், 'திருடுபோனது' என்று ஒரு மனு போட்டு வாங்கியவரை மிரட்டலாம். முடக்க மனுவுக்குப் பிணைத்தொகை வேண்டும், மனு பொய் என்று தீர்ப்பானால் அந்தத் தொகை எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், நடுவர்களுக்குப் போகக் கூடாது. நடுவர்களுக்குப் போனால் மனுக்களைப் பொய் என்று சொல்ல அவர்களுக்கு ஆசை வரும்.

நடுவர்கள் வாக்கு முதலில் மூடி முத்திரையிட்ட ஹேஷாகப் பதிவாகி, எல்லோரும் போட்ட பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் வாக்களிப்பவர் முன்னால் போட்டவர்களைப் பார்த்துப் போடுவார்.

#7 · தொடரி

கயல், நன்றி. என்எஃப்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். பிணைத்தொகை எதிர்த்தரப்புக்கே போகும்படி மாற்றுகிறேன்.

முழுநோடு, தி டாவோவை நான் வேறு மாதிரி படிக்கிறேன். எடுத்தவர் பணத்தோடு அன்றே ஓடவில்லை, ஓட முடியவில்லை. பிரிந்து போகும் 'குழந்தை டாவோ'வில் பணம் பல வாரங்கள் கிடக்க வேண்டும் என்று கான்ட்ராக்ட்டே சொல்லியிருந்தது. அந்தத் தாமதம் யாரும் கூடிப் பேசி வைத்ததல்ல, முன்பே எழுதியிருந்தது. விவாதம், வாக்கெடுப்பு, சங்கிலிப் பிரிவு எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்தது அதனால்தான். தாமதம் கான்ட்ராக்ட்டில் இருந்தது, தீர்ப்பு சொல்லும் இடம் இல்லை. அதனால் வழக்கு கான்ட்ராக்ட்டைத் தாண்டி முழுச் சங்கிலியின் தலையில் விழுந்தது. கான்ட்ராக்ட்டுக்குள் ஒரு சிறு நீதிமன்றம் இருந்திருந்தால் சங்கிலியைப் பிரிக்கும் பேச்சே எழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

#8 · முழுநோடு

அந்தச் சிறு நீதிமன்றத்தில் யார் உட்காருவார்கள்? இருக்கிற உதாரணங்களைப் பார்ப்போம்.

பிளாக்செயின் நடுவர் மன்றமான கிளெரோஸில் அதன் பிஎன்கே டோக்கனைப் பணயம் வைத்தவர்களில் இருந்து குலுக்கல் முறையில் நடுவர்களை எடுக்கிறார்கள். பெரும்பான்மையோடு வாக்களித்தவருக்குக் கூலி, மாறி வாக்களித்தவரின் பணயத்தில் ஒரு பகுதி பறிபோகும். மேல்முறையீடு போனால் நடுவர் எண்ணிக்கை இரண்டு மடங்கும் ஒன்றும் ஆகும். உண்மை எல்லோருக்கும் பொதுவான சந்திப்பு இடம், அதனால் தனித்தனியாக யோசித்தாலும் உண்மையில்தான் வந்து சேருவார்கள் என்பது அதன் கணக்கு. எளிய வழக்கில் அது சரி. சிக்கலான வழக்கில் நடுவர் 'எது உண்மை' என்று யோசிக்க மாட்டார், 'மற்றவர்கள் என்ன போடுவார்கள்' என்று யோசிப்பார். இரண்டும் ஒன்றல்ல.

டோக்கன் அதிகம் வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு என்றால் இன்னும் மோசம். மார்ச் 2025-இல் பந்தயச் சந்தையான பாலிமார்க்கெட்டில் உக்ரைன் கனிம ஒப்பந்தம் பற்றிய பந்தயம் எப்படி முடிந்தது? ஒப்பந்தம் கையெழுத்தாகாமலேயே 'ஆம்' என்று தீர்ப்பானது. பந்தய முடிவை வாக்களித்துத் தீர்க்கும் யூஎம்ஏ டோக்கனைப் பெருமளவில் வைத்திருந்தவர்களின் வாக்கு அப்படிச் சாய்ந்தது. பணம் திரும்பி வரவில்லை.

மே 2025-இல் சூயி சங்கிலியில் நடந்தது உங்களுக்கெல்லாம் வெற்றிக் கதையாகத் தெரியலாம். 22-ஆம் தேதி அங்கே இயங்கும் டோக்கன் சந்தையான செட்டஸில் இருந்து சுமார் 22 கோடி டாலர் போனது. அதில் 16 கோடி டாலரை வேலிடேட்டர்கள் நிறுத்திவிட்டார்கள். எப்படி? திருடனின் முகவரிகளில் இருந்து வரும் பரிவர்த்தனைகளைப் பிளாக்கில் சேர்க்காமலே விட்டார்கள். ஒரே வாரத்தில், சங்கிலியில் டோக்கன்களைப் பணயம் வைத்தவர்களின் வாக்கெடுப்பு, 90.9 சதவீதம் ஆதரவு, திருடனின் கையெழுத்தே இல்லாமல் பணம் வெளியே எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாரத்தில் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது: சூயியில் எவர் பணத்தையும் இப்படி எடுக்க முடியும்.

#9 · வக்கீல்_தஞ்சை

> நடுவர் 'எது உண்மை' என்று யோசிக்க மாட்டார்

இதற்கு மெக்சிகோவில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். வீட்டு வாடகைத் தகராறு ஒன்றில் மத்தியஸ்தர் ஒருவரை ஒப்பந்தத்தில் நியமித்திருந்தார்கள். அவர் கேள்வியைக் கிளெரோஸுக்கு அனுப்பி, அங்கே வந்த முடிவைத் தன் தீர்ப்பில் சேர்த்துக் கையெழுத்திட்டார். அந்தத் தீர்ப்பை அங்குள்ள நீதிமன்றம் 2021-இல் நிறைவேற்ற உத்தரவிட்டது. நீதிமன்றத்தின் முன் நின்றது பெயரும் முகவரியும் உள்ள ஒரு மத்தியஸ்தர். பெயரில்லாத நடுவர்கள் அவருக்குப் பின்னால் இருந்தார்கள்.

இங்கேயும் 1996 மத்தியஸ்தச் சட்டத்தின்படி எழுத்து வடிவ உடன்பாடு இருந்தால் போதும், மின்னணு வடிவமும் செல்லும். டோக்கனை வாங்கும்போதே உடன்பாட்டை ஏற்கச் செய்யலாம்.

ஆனால் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 2011-இல் பூஸ் ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. இரண்டு பேருக்குள் உள்ள உரிமையை மத்தியஸ்தம் தீர்க்கலாம், உலகம் முழுவதற்கும் எதிரான உரிமையைத் தீர்க்க முடியாது. 'இந்தப் பொருள் என்னுடையது' என்பது உலகத்துக்கே எதிராகச் சொல்லும் வார்த்தை. 'நீ என்னிடம் ஏமாற்றி வாங்கினாய், திருப்பிக் கொடு' என்பது ஒருவரைப் பார்த்துச் சொல்வது. தொடரி, உங்கள் நடுவர்களிடம் போகும் கேள்வியை இரண்டாவது வடிவத்தில் எழுதுங்கள். 'சொந்தக்காரர் யார்' என்று கேட்காதீர்கள். 'இந்த இருவரில் டோக்கன் யாரிடம் இருக்க வேண்டும்' என்று கேளுங்கள். மூன்றாவது ஆள் நாளைக்கு வந்தால் அவருடைய வழக்கு தனி.

#10 · சிராங்கூன்

வக்கீல் சார் சொல்லும் மூன்றாவது ஆள்தான் என்னைப் பொறுத்தவரை முழுப் பிரச்சினையும். திருடன் பெரும்பாலும் காணாமல் போய்விடுவான். நடுவர்கள் முன் நிற்கப் போவது இழந்தவரும், விவரம் தெரியாமல் சந்தை விலை கொடுத்து வாங்கியவரும். இருவரும் நல்லவர்கள். இருவரில் ஒருவர் நஷ்டப்பட வேண்டும்.

2022 மே மாதம் நடிகர் சேத் கிரீனின் போர்ட் ஏப் குரங்குப் பட என்எஃப்டி ஒன்று ஃபிஷிங் (போலித் தள) மோசடியில் போனது. வாங்கியவர் தனக்குத் திருட்டு பற்றித் தெரியாது என்றார். கடைசியில் கிரீன் 165 ஈதர் கொடுத்துத் தன் குரங்கைத் தானே திரும்ப வாங்கினார். வழக்கு, தீர்ப்பு ஒன்றும் இல்லை. இழந்தவரே இரண்டாவது முறை விலை கொடுத்தார்.

என்எஃப்டி சந்தையான ஓபன்சீ திருட்டுப் பொருட்களை விற்பனையில் இருந்து நிறுத்தி வைக்கும். அதனால் தெரியாமல் வாங்கியவர்கள் கையில் விற்க முடியாத டோக்கன்கள் தேங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் விதியை மாற்றி, புகார் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸ் அறிக்கை தர வேண்டும், தராவிட்டால் தடை நீங்கும் என்றார்கள். நல்ல விதி. ஆனால் அது ஒரு சந்தையின் விதி, டோக்கன் அடுத்த சந்தைக்குப் போனால் அங்கே செல்லாது.

அமெரிக்காவில் 2022-இல் வணிகச் சட்டத் தொகுப்பில் சேர்த்த 12-ஆம் பகுதி வாங்குபவர் பக்கம் நிற்கிறது: விலை கொடுத்து, நல்லெண்ணத்தில், வேறு யாருக்கும் உரிமை இருப்பது தெரியாமல், கட்டுப்பாட்டையும் பெற்றவர் பழைய உரிமைக் கோரிக்கைகளில் இருந்து விடுபட்டு எடுத்துக்கொள்வார். நம் சரக்கு விற்பனைச் சட்டம் நேர்மாறாகத் தொடங்குகிறது: விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் கான்ட்ராக்ட் எழுத முடியாது.

என் யோசனை: ஆட்சேபக் காலத்துக்குள் வாங்குகிறவர் ஆபத்தைத் தெரிந்தே வாங்குகிறார், திரும்பப் போகலாம். ஆட்சேபக் காலம் முடிந்த பிறகு வாங்குகிறவரைத் தொடக் கூடாது, திருட்டு நிரூபணமானாலும் தொடக் கூடாது. டோக்கனிலேயே மூன்று நிலைகள் தெரிய வேண்டும்: காலம் முடிந்தது, காலம் முடியவில்லை, வழக்கில் உள்ளது. எந்தச் சந்தையும் அதைப் படித்துக் காட்டலாம். வில்லங்கச் சான்று பார்த்து மனை வாங்குவது மாதிரி ஆகிவிடும்.

#11 · இளவேனில்

நான் கேட்பது சின்ன விஷயமாக இருக்கலாம். எல்லாவற்றையும் இழந்தவரிடம் பிணைத்தொகை கட்டப் பணம் எங்கே இருக்கும்? வாலட் முழுக்க வழித்தெடுத்தவன் கேஸ் கட்டணத்துக்குக்கூட ஈதர் விட்டுவைத்திருக்க மாட்டான். பணக்காரர் மட்டும் மனு போடலாம் என்றால் இது யாருக்கு?

#12 · தொடரி

இளவேனில், சின்ன விஷயமே அல்ல. இந்த இழையிலேயே நான் அதிகம் யோசித்தது இதைத்தான்.

பிணைத்தொகை இல்லாமல் முடக்கத்தைத் திறந்துவிட்டால் கயல் சொன்ன மிரட்டல் வந்துவிடும். அதனால் இரண்டு வாசல் வைக்கிறேன். முதல் வாசலில் பிணைத்தொகை கட்டாமலே டோக்கனில் 'ஆட்சேபம் உள்ளது' என்ற குறியை மட்டும் வைக்கலாம், 48 மணி நேரத்துக்கு, ஒரு டோக்கனுக்கு ஒரு முறை. டோக்கன் நகரும், விற்கலாம், ஆனால் குறியோடு நகரும். வாங்குபவர் 'எனக்குத் தெரியாது' என்று பின்னால் சொல்ல முடியாது. முந்தைய உடைமையாளரின் வாலட்டில் இருந்து மட்டுமே இந்தக் குறியை வைக்க முடியும். கையெழுத்து மட்டும் அவருடையது, கட்டணத்தை வேறு யாரும் கட்டி அனுப்பலாம். சாவியே திருடுபோயிருந்தால் திருடனும் அந்தக் கையெழுத்தைப் போடலாம் என்பது தெரிகிறது. போட்டு அவனுக்கு என்ன லாபம்? தான் விற்க வேண்டிய டோக்கன் மீதே குறி விழும்.

முழு முடக்கம் இரண்டாவது வாசல். அதற்குப் பிணைத்தொகை உண்டு, கடைசி விற்பனை விலையில் பத்தில் ஒரு பங்கு. அதை வேறொருவர் கட்டலாம், வென்றால் அவருக்கு ஒரு பங்கு என்று இருவரும் பேசிக்கொள்ளலாம். ஏழு நாளில் முடக்கம் தானாக விழுந்துவிடும், நடுவர்கள் நீட்டித்தால் ஒழிய. ஒரு முறைதான் நீட்டிக்கலாம்.

நடுவர்களைப் பற்றி முழுநோடு சொன்னதற்கு என் பதில்: டோக்கன் எடைக்கு வாக்கு கிடையாது. கிடங்கும் விற்பவர்களும் வாங்குபவர்களும் சேர்ந்து முன்கூட்டியே ஒப்புக்கொண்ட, பெயர் தெரிந்த நடுவர்களின் பட்டியல். அதில் இருந்து மூவர் குலுக்கலில். பெயர் தெரிந்தவரை மிரட்டலாம், உண்மை. ஆனால் சிராங்கூன் சொன்ன எக்ஸெல் கோப்பைப் பெயர் தெரிந்தவர்தான் வரவழைத்துப் பார்க்க முடியும். மூவர் கையெழுத்திட்ட தீர்ப்பு மத்தியஸ்தத் தீர்ப்பாகவும் எழுதப்படும். நீதிமன்றம் போக விரும்புகிறவர் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

தீர்ப்புக்குப் பின் 30 நாள் கழித்துத்தான் டோக்கன் மாறும். இந்த முப்பது நாளில் கிடங்கும் பொருளைக் கொடுக்காது. நீதிமன்றத் தடை வந்தால் அதைக் கான்ட்ராக்ட்டில் பதியும் உரிமை கிடங்குக்கு மட்டும். பொருள் அவர்கள் கையில் இருக்கிறது, நீதிமன்ற ஆணை அவர்களைக் கட்டும்.

சிராங்கூன் சொன்ன எல்லைக்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆட்சேபக் காலம் ஐந்து நாள். அதற்குப் பின் வாங்கியவரிடம் கை வைக்கக் கூடாது. ஐந்து நாளாகத் தன் வாலட்டைப் பார்க்காத ஒருவர் இதனால் இழப்பார் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

#13 · முழுநோடு

பெயர் தெரிந்த நடுவர், கிடங்கு, நீதிமன்றம் என்று வந்த பிறகு பிளாக்செயின் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் பொருள் ஒரு கட்டடத்தில் இருக்கும்போது அந்தக் கட்டடத்துக்கும் சட்டம் உண்டு என்பதை ஏற்கிறேன். எந்தக் கட்டடத்திலும் இல்லாத பிட்காயினுக்கு இதைக் கொண்டுவரப் பார்த்தால் எதிர்ப்பேன். 2023-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் டியூலிப் வழக்கில், சாவி தொலைத்தவருக்காகக் கோடை மாற்றும் கடமை டெவலப்பர்களுக்கு உண்டா என்பது விசாரிக்கத் தக்க கேள்வி என்று சொன்னபோது எனக்குத் தூக்கம் போனது. தன் சொந்த நேரத்தில் கோடு எழுதுகிறவரை உலகத்தின் சொத்துக்குக் காவலாளி ஆக்க முடியாது. அந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டது. கேள்வி கைவிடப்படவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடுவர் பட்டியலை மாற்றும் சாவி யாரிடம்?

#14 · கயல்_தணிக்கை

தணிக்கையில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

தொடரி அண்ணா, கான்ட்ராக்ட்டைப் பிராக்ஸி (பின்னால் உள்ள நிரலை மாற்ற விடும் இடைக் கான்ட்ராக்ட்) வழியாக மேம்படுத்தும் வசதி வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் மேலே எழுதிய ஐந்து நாள், ஏழு நாள், முப்பது நாள் எதற்கும் பொருள் இல்லை. அட்மின் சாவி வைத்திருப்பவர் ஒரே பரிவர்த்தனையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மூன்று கை என்பது காகிதத்தில், உண்மையில் ஒரு கை.

பொது நூலகக் கான்ட்ராக்ட்டைச் சார்ந்திருந்தால் அதையும் பாருங்கள். நவம்பர் 2017-இல் பாரிட்டி மல்டிசிக் (பலர் கையெழுத்து தேவைப்படும் வாலட்) நூலகத்தை யாரோ ஒருவர் தொடக்க அழைப்புச் செய்து உரிமையாளராகி, அழிப்புச் செயற்கூறை இயக்கிவிட்டார். அதைச் சார்ந்திருந்த வாலட்கள் எல்லாம் உறைந்தன, 5,13,774 ஈதர். அவற்றின் சொந்தக்காரர் யார் என்பதில் ஒருவருக்கும் தகராறு இல்லை. மீட்க இஐபி-999 என்று முன்மொழிந்தார்கள், 2018-இல் சமூகம் ஏற்கவில்லை. இன்றும் அப்படியே கிடக்கிறது. உரிமை தெளிவாக இருந்தும் மாற்றிக் கொடுக்கும் பாதை முன்பே எழுதப்படாததால் வந்த நிலை அது. இந்த இழையில் நீங்கள் முதலில் சொன்னதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிராக்ஸியை எடுத்துவிடுங்கள். நடுவர் பட்டியல் மாற்றத்துக்கு 60 நாள் தாமதம் வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்குக்குப் பழைய பட்டியலே செல்லும் என்று எழுதுங்கள். பட்டியல் மாறுவது பிடிக்காதவர் அந்த 60 நாளுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு டோக்கனை எரித்துவிட்டுப் போக வழி வையுங்கள்.

#15 · தொடரி

பிராக்ஸி இருந்தது, எடுத்துவிடுகிறேன். 60 நாள் தாமதமும் வெளியேறும் வழியும் சேர்க்கிறேன். முழுநோடு கேட்டதற்குப் பதில்: பட்டியலை மாற்றக் கிடங்கு, விற்பவர் சங்கம், வாங்குபவர் தரப்பு என மூன்றில் இரண்டு கையெழுத்து. அறுபது நாளில் எந்த ஒரு தரப்பும் தனியாக அதைத் தடுக்கலாம்.

'ஆட்சேபம் உள்ளது' குறியை முதலில் எழுதி டெஸ்ட்நெட்டில் (சோதனைச் சங்கிலியில்) போடுகிறேன். கயல், முந்தைய உடைமையாளர் வரிசையைச் சேமிக்கும் பகுதியை மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து நாளுக்குள் டோக்கன் நூறு முறை கை மாறினால் கேஸ் செலவு எங்கே போய் நிற்கும் என்று அங்கேதான் எனக்குச் சந்தேகம்.